புள்ளி

புதுவயல் அரிசி மில்லில் கணக்கெழுதிய சாத்தையாவுக்கு
இப்போது அசைவது இடது இமை மட்டும்.

மூன்றாம் தடவை வந்திருக்கிறேன்.
முதல் தடவை, பதினொன்றரைக்கு
வளவில் வெயில் இறங்கியதும்
கேமரா அவர் விழியைத் தொலைத்தது.
அடுத்த தடவை விசிறிக் காற்றில் கண் காய்ந்து
சிமிட்டியதெல்லாம் எழுத்தாகி
திரை நிறைய ஙஙஙங.

இன்று கட்டிலைத் திருப்பிப் போட்டோம்,
தெய்வானையும் நானும்.
மெய்க்கு ஒரு வரிசை,
உயிருக்குத் தனியாக ஒரு வளையம்.
ஆறு வாரத் தூக்கம் அந்த வளையம்.

அவர் அதன் பக்கமே போகவில்லை.

வ ச ற ய ந ற த த

"உயிரெழுத்து விட்டுப்போகுதுங்க" என்று நான் குனிவதற்குள்
தெய்வானை எழுந்துபோய்
விசிறியை நிறுத்திவிட்டு வந்தார்.

பிறகு நிதானமாக ஏழு சிமிட்டல்:

ப ள ள வ ண ட ம

புள்ளி வேண்டாம்.
சரிதான், என் நோட்டில் குறித்துக்கொண்டேன்,
சிமிட்டல் மிச்சம்.

தெய்வானை கையில் போன்.
சிங்கப்பூருக்கு அடிக்க எடுத்தது.
"பிள்ளை வேண்டாமா?" என்றார்,
என்னிடம் இல்லை.

இமை மூடியிருந்தது.
மூடிய இமையை என் கருவி
'ஆம்' என்று பதிந்துகொண்டது.

வளையத்தைக் கழற்றாமல்
மூன்றரை பஸ்ஸில் காரைக்குடி திரும்பினேன்.