பிழை: முப்பத்தொரு சதவீதம்

ரீகா நகரத்தை விஸ்மா
பதினொரு பெட்டிகளில் அடைத்துவிட்டாள்.
மரவீடு ஒரு வகை, செங்கல் ஒரு வகை,
சோவியத் காலத்துக் கான்கிரீட் அடுக்குகளுக்கு மட்டும் நான்கு.
சுவரின் தடிமன், கண்ணாடியின் பரப்பு,
மணிக்கு எத்தனை முறை உள்காற்று மாறும்,
எல்லாவற்றுக்கும் ஓர் எண்.
மனிதர்களுக்கும் உண்டு:
ஏழரைக்குக் கிளம்புவார்கள்
ஆறு மணிக்குத் திரும்புவார்கள்
இருபத்தொரு டிகிரியில் திருப்தியாக இருப்பார்கள்.
யாருக்கும் காய்ச்சல் வராது.

இரவெல்லாம் கணினி
பன்னிரண்டாயிரம் கட்டடங்களின் மேல்
ஒரு பொய் ஜனவரியை ஓட்டியது.
விடிகையில் வரைபடம் முழுக்கப் பச்சை.
கெங்கரக்ஸில் ஒன்று மட்டும் சிவப்பு.
ஒன்பது மாடி, ஐம்பத்து நான்கு வீடு.
கணக்கைவிட மீட்டர் முப்பத்தொரு சதவீதம் அதிகம்.

சுவரை மெலியவைத்துப் பார்த்தாள்,
கூரையைக் கிழித்துப் பார்த்தாள்
(எண்களில்தான்).
மசியவில்லை.

மூன்றாம் நாள் டிராம் ஏறினாள்.
மைனஸ் பதினான்கு.
உறைந்த டௌகாவாவின் மேல்
மீன் பிடிப்பவர்கள் கொட்டிவைத்த மிளகாய்.

கட்டடத்தின் முன் நின்று அண்ணாந்தாள்.
அத்தனை ஜன்னலும் திறந்து கிடந்தது.
ஒன்றில் திரைச்சீலை வெளியே வந்து படபடத்தது.
ஒன்றில் வெறும் பனியனோடு ஒருவர் புகைத்துக்கொண்டிருந்தார்.

"திருகு எங்கே இருக்கிறது, திருக?"
என்றாள் இரண்டாம் மாடி கிளாஃபிரா.
"எழுபத்தெட்டில் கட்டியவன் ரேடியேட்டரில் வைக்கவில்லை.
ஜன்னல்தான் எங்களுக்குத் திருகு.
மேலே குளிருகிறது என்று அவன் போன் செய்வான்,
நிலவறையில் வந்து சூட்டைக் கூட்டுவார்கள்,
நாங்கள் வேகிறோம்.
பில் மட்டும் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று
எல்லோருக்கும் ஒரே விலை."

லிஃப்ட் ஏழோடு நின்றது.
ஒன்பதில் கதவைத் திறந்த தாலிவால்டிஸ்
கோட்டின் பித்தான்களைப் போட்டிருந்தான்.
மேல் பித்தானுக்குள்ளிருந்து
ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பத்து நாள்.
சுவரில் வெப்பமானி: பதினாறு.
"இருபத்தொன்று இருந்தால் போதும்
என்றார் டாக்டர்," என்றான்,
கெஞ்சுவது போல,
அந்த எண்ணை எழுதியவள் இவள் என்று தெரியாமல்.

அலுவலகத்தில்
காற்று மாறும் கட்டத்தில் புள்ளி ஆறை அழித்து
ஒன்று புள்ளி ஒன்பது என்று போட்டாள்.
பிழை நான்கு சதவீதத்துக்கு இறங்கிற்று.
கிளாஃபிராவும் பனியன்காரரும் கோட்டுக்குள் இருந்த தலையும்
அந்தப் புள்ளிக்கு இருபுறமும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

கெங்கரக்ஸ் பச்சையானது.
வெளியே மைனஸ் பதினேழு.
விஸ்மா சேமிக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.