இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில்

கடல் உறைந்த பிப்ரவரி.
ஹீயுமா தீவுக்குப் படகை விட்டுப்
பனிப்பாதையில் போனோம்,
இருபுறமும் ஜூனிப்பர் கிளை நட்ட எஸ்தோனியக் கடலின் மேல்.

காவலர் ஜன்னலில் குனிந்தார்:
"பெல்ட்டைக் கழற்றுங்கள்.
இருபத்தைந்துக்குக் கீழே போங்கள்,
இல்லையென்றால் நாற்பதுக்கு மேலே.
நடுவேகத்தில் அடியில் அலை எழும்.
அலை எழுந்தால் பனி பிளக்கும்."

இந்த்ரெக் ஓட்டினான். என் மடியில் கணினி.
தீவின் மருத்துவமனையில் பதினோரு சர்வர்கள்;
எதைப் போடுவது என்ற வழக்கு
துறைமுகத்திலேயே தொடங்கியிருந்தது.

"புதியதைப் போடுவோம்" என்றான்.
"ஒன்பது மாத ஆயுள்தான், இருக்கட்டுமே.
எழுதியவர்களின் கை இன்னும் அதில்தான் இருக்கிறது.
ஓட்டை என்று பெயர் வைக்கும் முன்பே
அடைபட்டுப்போகிற ஓட்டைகள் எத்தனை!
உன் ஐந்தாண்டுப் பதிப்புக்கு
அந்தச் செய்தியே போய்ச் சேராது."

உண்மைதான். ஒத்துக்கொள்ளாமல்
கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்தேன்.

"என்னுடையதில் எண் பழையது, தையல் புதியது.
முகம் தெரியாத யாரோ
இன்றைய திருத்தத்தைப் பின்னோக்கி நடத்திப்போய்
நாலு வருடம் முந்தைய வரியில் பொருத்துகிறார்.
வேறெதையும் தொடுவதில்லை.
விடிகாலை மூன்று மணிக்கு, எக்ஸ்ரே அறையில்,
ஒரு பொத்தான் இடம் மாறியிருந்தால்
தாதிக்கு அதுவும் தாக்குதல்தான்."

சிரித்தான். சிரித்தபடி ஒரு நரியைக் காட்டினான்,
பாதையைக் குறுக்கே வெட்டிப் போகிறது.
பார்க்க வேகம் குறைத்தான்.
முப்பத்திரண்டு.
அடியில் ஏதோ முனகியது,
பெரிய வீட்டில் யாரோ ஒரு கதவைத்
திறந்து மூடாமல் விட்டதுபோல்.
பேச்சு நின்றது.
இருபத்திரண்டில் முனகலும்.

லேலோ சாவி தந்தாள்.
பத்து இயந்திரங்களில் குறையில்லை.
பதினோராவது துணி அலமாரிக்குப் பின்னால்,
அதன் சூட்டில் யாருடைய கையுறையோ காய்ந்துகொண்டிருந்தது.
"தற்காலிகம்" என்றது சீட்டு.
எவரோ புதியதைப் போட்டு
அடுத்ததற்கு மாற மறந்திருக்கிறார்.
ஒன்பது மாதம் முடிந்து இருபத்தாறு மாதம்.
புதியதும் இல்லை,
பழையதென்று பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை.

பதிவேட்டில் இரவுதோறும்
வெளியிலிருந்து தட்டிய தடங்கள்.
டிசம்பர் பதினேழுக்குப் பிறகு தட்டலே இல்லை.
ஏன் நின்றது என்று
நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

கேபிளைப் பிடுங்கினேன்.

பத்துக்கும் நீண்ட ஆதரவு.
பதினோராவதைத் துடைத்து வெறுமையாக்கி
இந்த்ரெக்கிடம் விட்டேன், அவன் கேட்ட புதியதோடு.
காலாவதி நாளை மார்க்கரால்
அதன் நெற்றியில் அவனே எழுதினான்,
அடியில் தன் கைபேசி எண்ணையும்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது
பாதை மூட அரை மணிதான் இருந்தது.
நான்தான் ஓட்டினேன்.
முப்பதை மூச்சடக்கித் தாண்டி, அறுபது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை, நல்லவன்.
பெல்ட்டைப் போடச் சொல்லிக்
கார் மட்டும் கரை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது.
அதற்குத் தெரிந்தது
நிலத்தின் பாதுகாப்பு.