அரைப்புள்ளி

ராத்திரி ஏதோ வந்து இறங்கியிருக்கிறது.
காலையில் நகர விடுதி ஆபீஸைத் திறந்து
கணினியைத் தட்டினால்
பலூன் பிடித்த மூன்று பேர் திரையில் சிரிக்கிறார்கள்.
"புதியது என்ன என்று பார்க்கலாமா?"
வேண்டாம்.
"பிறகு நினைவூட்டவா?"
ஐயா, புள்ளி வரி ரசீது அனுப்பியாக வேண்டும்,
கோட்டையூர் முழுக்க, சிங்கப்பூர் கோலாலம்பூர் உட்பட,
வெள்ளிக்கிழமைக்குள்.

தலைப்பு வரிசை முன்பு அசையாமல் நிற்கும்.
இப்போது அதுவும் கூடவே ஓடுகிறது.
வண்ணம் பார்த்துப் பிரிக்கும் பொத்தானைக் காணோம்.
கட்டத்தின் மூலையில் சின்னதாய்ச் சிவப்பு முக்கோணம் இருக்கும்,
அம்புக்குறியைக் கொண்டுபோனால் நான் எழுதியது விரியும்:
"போனை எடுக்க மாட்டார், சம்பந்தி வீட்டில் கேட்கவும்."
"அண்ணன் தம்பி பேச்சில்லை. ரசீது தனித்தனி."
"இன்ஷியல் மாறினால் கோபிப்பார்."
ஒன்பது வருஷமாய் இந்த ஊரை
நான் படித்து வைத்திருந்தது அந்த மூலைகளில்தான்.
உதவிப் பக்கம் சொல்கிறது:
குறைவானவர்களே பயன்படுத்தியதால் நீக்கினோம்.
குறைவானவர்கள் என்றால் நான்.

அதைக்கூடப் பொறுத்தேன்.

புள்ளி என்றால் இங்கே புருஷன் பெண்சாதி சேர்ந்து ஒன்று.
ஒருவர் போய்விட்டால் அரை.
(பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்ன அரைப்புள்ளி வேறு;
வாக்கியம் முடியாமல் மூச்சு வாங்கும் இடம் அது.)
ஒன்று, சாய்கோடு, இரண்டு என்று நான் போட்டிருந்த
நாற்பத்து மூன்று பேரும் இன்றைக்கு
பிப்ரவரி ஒன்று.
அழகம்மை பிப்ரவரி ஒன்று.
சாத்தப்பன் பிப்ரவரி ஒன்று.
பின்னம் என்ற வகையே பட்டியலில் இல்லை.
ரசீது போடும் பக்கத்துக்குத் தேதி புரியவில்லை.
கட்டத்தில் ஏதோ இருக்கிறது, ஆகவே ஆள் ஒன்று
என்று எடுத்துக்கொண்டது.
நான் கவனிப்பதற்குள்
அத்தனை பேருக்கும் குறுஞ்செய்தி போய்விட்டது,
எழுநூற்றைம்பதுக்குப் பதில் ஆயிரத்தைந்நூறு.
கூடுதல் முப்பத்திரண்டாயிரத்து இருநூற்றைம்பது.
இந்தக் கணக்கை மட்டும்
மனசே போட்டுத் தந்தது.

பதினொன்றரைக்குப் போன்.
"ஜெசிந்தாதானே?"
கீழத் தெரு சிகப்பி ஆச்சி.
ஐப்பசியில் அவர் வீட்டுக்காரர் தவறினார்.
ஒன்றை அழித்து அரையாக்கியது நான்தான்,
ஒரு செவ்வாய்க்கிழமை, டீ குடித்துக்கொண்டே.

"எனக்கு முழுசா வந்திருக்கே, யாரு போட்டது?"
"அப்டேட்டுங்க ஆச்சி. தப்பா வந்துருச்சு. மாத்திர்றேன்."
பேச்சில்லை.
அந்தப் பக்கம் குக்கர் கத்தியது, யாரோ அணைத்தார்கள்.
"மாத்தாத. கட்டிர்றேன்."
"இல்லங்க ஆச்சி, பதிவுல..."
"இந்த வருஷம் மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

தசமம் எங்கோ நாலு மெனு தள்ளி ஒளிந்திருந்தது.
சாயங்காலம் வரை ஒவ்வொருவராய் அடித்தேன்,
சுழியம் புள்ளி ஐந்து, சுழியம் புள்ளி ஐந்து.
ஒவ்வொருவருக்கும் மன்னிப்புச் செய்தி.
திட்டியவர்கள் ஆறு பேர். சிரித்தவர் ஒருவர்.
நாற்பத்திரண்டு அரை, இருபத்தொன்று.
சிகப்பி ஆச்சி வரியைத் தொடவில்லை.
கூட்டினால் இருபத்திரண்டு, பிசிறே இல்லை.
பிசிறு இல்லாததுதான் ஆடிட்டர் கண்ணில் படும்.
நாற்பத்து மூன்று அரை எப்படி இருபத்திரண்டு என்பார்.
பதில் எழுதி வைக்க
மூலை இல்லை.

மூடப்போகும்போது பெட்டி ஒன்று குதித்தது:
"புதிய அனுபவம் எப்படி இருந்தது?"
ஐந்து மூஞ்சிகள், அழுகையிலிருந்து சிரிப்பு வரைக்கும்.
எதையும் தொடாமல்
கீழே இருந்த காலியிடத்தில் அடித்தேன்:

வரிசை 212. சிகப்பி. முழுப்புள்ளி.
அவரே சொன்னது. மாற்ற வேண்டாம்.

அனுப்பினேன்.
"நன்றி! உங்கள் கருத்தைப் பரிசீலிப்போம்."