நூற்றுப் பதினெட்டாவது பாக்கெட்

நிபோங் திபாலில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
உரமூட்டை நெடி சேலையில் ஏறும் கடை.
கல்லாவை ஒட்டி என் நாற்காலி.
பில் போடுவேன், கடன் எழுதுவேன்,
மிளகாய் விதையை எண்ணித் தருவேன்.

ஜூன் பிறந்ததும் வருகிற வாயிலெல்லாம் ஒரே எண்.
பதினாறு.
போன தீபாவளிக்கு முந்தின வாரம்
கிலோ பதினாறு வெள்ளிக்குப் போனது மிளகாய்.
மூன்று நாள்தான் போனது.
அடித்த நம்பரையே திரும்ப எழுதுகிறவர்கள் மாதிரி
அந்த மூன்று நாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வால்டோர் மாடசாமி
காய்த்துக்கொண்டிருந்த வெண்டியைப் பிடுங்கிவிட்டார்.
"வெண்டி சோறு போடும்மா,
மிளகாதான் லோரி வாங்கித் தரும்."
தியோ கிம் ஹுவாட் விலை கேட்கவில்லை,
விரலைக் காட்டினார்: ஆறு.
சாலேஹாவுக்குப் போன தடவை
சுருட்டை நோயில் பாதிச் செடி போனது.
அது மழையின் தப்பாம்.
அதற்கு முந்தின தடவை கொத்துக் கொத்தாகக் காய்த்ததே,
அது கைராசி.
கணக்கில் அவர் கைராசியை மட்டும் சேர்த்துக்கொண்டார்.

ராத்திரி கொழுந்தன் ராஜபாளையத்திலிருந்து அனுப்பிய குரல்:
"அண்ணி, பருத்தி போன வருசம் எட்டாயிரத்தத் தொட்டுச்சு,
இந்த வருசம் சோளமே கெடையாது, பூராவும் பருத்தி."
பக்கத்துக் காட்டில் என்ன என்று கேட்டேன்.
அங்கேயும் பருத்தி.
அதற்கும் பக்கத்தில்?
சிரித்தான்.

என் பில் புத்தகம் மட்டும்
போன வருசத்தைப் பார்ப்பதில்லை.
இந்த மாதம் இதுவரை நூற்றுப் பதினேழு பாக்கெட்.
போன ஜூனில் முப்பத்தொன்று.
அதற்கு முந்தின ஐப்பசியில்
மூன்று வெள்ளிக்கும் கேட்க ஆளில்லாமல்
மிளகாய் சாக்கோடு வாய்க்காலோரம் அழுகியதால்
முப்பத்தொன்று.
முப்பத்தொன்றால் பதினாறு.
பதினாறால் இது.
முதலாளி ஓங்கிடம் ஒருநாள் சொன்னேன்.
தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"நீ விதை விக்கிறியா, ஜோசியம் பாக்கறியா?"

கோமளா மத்தியானம் வந்தாள்.
புருசனின் சேமநிதிப் பணம் பிளாஸ்டிக் பையில்.
குத்தகைக்கு அரை ஏக்கர், முதல் போகம்.
இத்தனை நாளில் அவள்தான் கேட்டாள்:
"எத்தன பேரு வாங்கியிருக்காங்க?"

ஓங் இருமினார்.
நான் பேனா தேடுவதுபோல் குனிந்து
புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.
படித்தாள். ஒவ்வொரு வரியாக,
விரல் வைத்து, பக்கம் புரட்டி, இன்னொரு பக்கம்.
மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
எனக்குத் தொண்டை வறண்டது.

நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.
"இத்தன பேரு தப்பாவா நெனப்பாங்க?
எனக்கும் ஒண்ணு குடுங்கக்கா."

எழுதினேன்.
பேனா மேசையில், என் கண் முன்னால்தான் இருந்தது.

வீட்டில் ஊறுகாய் ஜாடிகள் இரண்டை
போன வாரமே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஐப்பசியில் மிளகாய் மலிவாகக் கிடைக்கும்.