கீழே கிடப்பது மேலே

கிளாக்ஸ்விக்கில் மழை பக்கவாட்டில் பெய்த நாள்.
ஐவரும் ஐந்து மணிக்கு வந்தார்கள்.
தவறு: ஐந்து வெவ்வேறு மணிக்கு.
ஒரே நாற்காலி.
நான்காவதாக வந்த ஹானுஸ்
இருக்கையில் உள்ளங்கை வைத்துப் பார்த்தான்.
"சூடாக இருக்கிறது."
நின்றபடியேதான் படம் எடுக்க விட்டான்.

படகுக் கொட்டகை ஒன்று, ஆடுகள் நாற்பது,
அப்பன் எழுதாமல் போன ஒரு தாள்.
பதினோரு ஆண்டாகப் பேச்சுவார்த்தை இல்லை.
"தனித்தனியாக எடுங்கள்,
ஒரே சட்டத்தில் மாட்டுங்கள்"
என்றவள் டோரா.

இரவு. கதவிடுக்கில் கம்பளி.
நகம் வெட்டியாயிற்று, மோதிரம் கழற்றியாயிற்று.
முதலில் வெறும் தண்ணீர்;
ஒவ்வொரு ஃபிலிம் தாளாக முக்கினேன்.
அவசரப்பட்டேன் போல,
இரண்டு ஒட்டிக்கொண்டன.
யார், யாரோடு?
பிரித்தெடுப்பதற்குள்
மனதில் வைத்திருந்த வரிசை கலைந்துவிட்டது.

பிறகு டெவலப்பர், இருபது டிகிரி.
இனி கை நிற்கக் கூடாது.
கீழே கிடப்பதை உருவி மேலே வை,
மெல்ல அமுக்கு.
கீழே கிடப்பதை உருவி மேலே வை.
ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறேன்;
அதன் ஓரத்து வெட்டு எதிர்ப்பக்கத்தில் தட்டுப்பட்டால்
ஒரு சுற்று முடிந்தது.

சும்மா விட்டால்
ஒன்றின்மேல் ஒன்று படிந்து,
மருந்து களைத்த இடத்தில் முகம் திட்டுத்திட்டாக வரும்.
அலசித் தள்ளினாலோ
ஓரங்கள் மட்டும் குடித்துக் கொழுக்கும்,
நடுவில் இருக்கும் ஆள் மெலிவார்.
ஒன்பது நிமிடம்.
இருபது தடவைக்கு மேல் ஒவ்வொருவரும் மேலே வந்தார்கள்,
அத்தனை தடவை அடியில் கிடந்தார்கள்.

பதினாலாவது சுற்றாக இருக்கும்,
ஒரு சத்தம் கேட்டது,
காதுக்கு அல்ல, விரலுக்கு.
ஏதோ ஒரு மூலை
ஏதோ ஒரு ஜெலட்டினில் இறங்கியது.
நிறுத்தவில்லை.

விளக்கைப் போட்டபோது
பார்தூர் சரி. ரெஜின் சரி.
சுன்னிவா கண்ணை மூடியிருக்கிறாள்.
ஹானுஸின் தலை மேல்விளிம்பில் இடிக்கிறது.
டோராவின் தோளிலிருந்து கழுத்து வரை
மயிரிழைக் கோடு.

வியாழனன்று வந்தாள்.
ஐந்து உறைகள், ஐந்து கையெழுத்துகள்,
ஆளுக்கு ஐந்திலொரு பங்கு;
ஒன்றில் முழுக்கச் சில்லறை.
"தூரிகையால் மறைத்துவிடலாம்" என்றேன்.
படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.
"எப்படி வந்தது?"
"இன்னொரு தாளின் மூலை பட்டு."
"யாருடையது?"
"இருட்டு. நால்வரில் ஒருவர்."

நான்கு முகத்தையும் பார்த்தாள்.
ஹானுஸிடம் கொஞ்சம் அதிக நேரம்.
"அப்படியே இருக்கட்டும்."

அவள் போனபின் சில்லறையை எண்ணினேன்.
ஒரு குரோனா கூடுதல்.
உறையில் பெயர் இல்லை.