லைன் கிடை

மோல்மேனில் ஐந்து நாளாய் மின்சாரம் இல்லை.
போனில் உயிர் இல்லை.
விடிகாலை மியாவடி லாரியில் ஊ தெய்ன் போகிறார்,
பாலம் தாண்டினால் நீ வேலை செய்கிற தையல் ஃபாக்டரி.
எழுதிக் கொடு, கொண்டுபோகிறேன் என்றார்.

எழுத எனக்குக் கை எங்கே?
மழைத்தண்ணீர் மூடிய பள்ளத்தில் பைக் சறுக்கி
சோற்றாங்கை மணிக்கட்டில் இரண்டாய்ப் போய்
மாவுக்கட்டுக்குள் கிடக்கிறது.
பதினெட்டு வருஷம் மருந்துக்கடையில்
பர்மிய எழுத்தை வட்டம் வட்டமாய்ச் சுற்றிப்
பில் போட்ட கை.
மீதி இருப்பது பீச்சாங்கை.
அதற்கு ஒரு வேலைதான் பழக்கம், உனக்கே தெரியும்.

மெழுகுவர்த்தி. பில் புத்தகத்தின் பின்பக்கம்.
'அன்புள்ள கமலவேணி' என்று முடிப்பதற்குள்
தெருநாய்கள் ஒரு சண்டையைத் தொடங்கி
சமாதானமும் ஆகிவிட்டன.
உன் பெயருக்கு எத்தனை சுழி என்று
கை என்னைக் கேட்கிறது.

'இங்கு நலம்.'
வலக்கை இதை மூச்சுவிடாமல் எழுதும்,
எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.
இதுவோ
ந-வில் தடுக்கி
ல-வில் சுருண்டு படுத்து
ம-வின் மேல் புள்ளி வைக்குமுன்
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.
நலமா?

பொய்க்கு வேகம் வேண்டும், கமலா.
ஓடுகிற கையில்தான் அது தொற்றி ஏறும்.

அப்பா போன அன்றைக்கு என்ன நடந்தது என்று
நீ ஒருநாளும் கேட்டதில்லை.
நான்தான் நாலு வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
பேசிச் சொன்னேன், தட்டியும் சொன்னேன்.
கட்டைவிரல் முதல் எழுத்தைத் தொட்டாலே போதும்,
மீதியைப் போனே எடுத்து நீட்டும்:
அன்றைக்கு லைன் கிடைக்கவில்லை.

இன்றும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.
அன்றைக்கு
லைன்
கிடை

வரை வந்துவிட்டது.
கிடை வரைக்கும் இரண்டுக்கும் ஒரே பாதை.
க் போட்டால் ஒரு பக்கம்.
த் போட்டால் ஒரு பக்கம்.
ட-வின் மூலையில் மை ஊறிப் பெருக்கிறது.
தகரத்தில் மழை.

சார்ஜர் குத்தியிருந்தது.
நாலு கோடும் நிமிர்ந்து நின்றன.
உன் பெயரைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
போனவள்தானே, போனவளாகவே இருக்கட்டும் என்று
இரண்டு பகல், நடுவில் ஓர் இரவு.
எரித்து, தன்லுவினில் சாம்பலைக் கரைத்து
ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்து
அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டு அழுதேன்.
அழுகை நிஜம். அதை மட்டும் நம்பு.

த்
த
து

இன்றைக்குத்தான் நிஜமாகவே லைன் இல்லை.

இடதுகையால் எழுதுகிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்களோ,
எழுத எழுத ஈர எழுத்தின் மேலேயே
கை இழுபடுகிறது.
தாளில் பாதி, சுண்டுவிரல் ஓரத்தில் பாதி.
தாளில் இருப்பதை நீ படிப்பாய்.
கையில் இருப்பது கண்ணாடி எழுத்து,
சோப்புப் போட்டும் போகவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் கட்டைப் பிரிப்பார்கள்.
வெளியே வந்ததும் வலக்கை இதைத் திருத்தப் பார்க்கும்.
அதை எனக்குத் தெரியும், அது நான்தானே.
அதற்குள் இது எல்லை ஆற்றைத் தாண்டிவிட வேண்டும்.

பல்லால் கடித்துப் பிடித்து நாலாய் மடித்தேன்.
பெரியவர்களிடம் இடக்கையால் நீட்டக் கூடாது,
நம் வீட்டிலும் அப்படித்தான், இந்த ஊரிலும் அப்படித்தான்.
லாரி உறுமிக்கொண்டிருந்தது.
ஊ தெய்ன் கையைப் பார்த்தார், அதன் மையைப் பார்த்தார்,
இரண்டு கையாலும் வாங்கிச்
சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

லாரி முனை திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது.
நலம்.
அந்தப் புள்ளியை
வைத்தேனா?