சொரசொரப்பு

கூரையை மட்டும் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
வண்டி கீழே, ட்ரியெஸ்தே துறைமுகச் சரிவில்,
போரா காற்றில் மொட்டையாய் நிற்கிறது.
மேலே ஒரு தார்ப்பாய், அதன்மேல் நாலு செங்கல்.

எழுபத்தெட்டாம் வருடத்து ஃபியட்.
இரண்டு பேர் உட்காரலாம், சண்டை போடாவிட்டால்.
தம்பி எட்வின் வாங்கிய புதிதில்
கூரையின் மேல்தோல் அவனுக்குப் பிடிக்கவில்லை.
"என்ன இது, இறகு பிடுங்கிய வாத்து மாதிரி."
ஒரு குளிர்காலம் முழுக்கத் தேய்த்தான்,
எண்பது, நூற்றிருபது, நானூறு என்று
உப்புத்தாள் மாற்றி உப்புத்தாள்.
பிறகு பியானோக் கறுப்பு அடித்தான்.
அதில் முகம் பார்த்துத் தலை சீவினான்.

இப்போது வண்டி என்னுடையது,
ஒரு கடனுக்கு ஈடாக.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் எனக்கு வேலை.
இருபத்தாறு வருடமாகக் கடைவாய்ப் பல்லின்
மேட்டையும் பள்ளத்தையும் செதுக்குகிறேன்.
ரொம்ப வழவழத்தால் பொய்யென்று
நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

ரப்பர் பட்டையை உரித்தபோது அடியில்
கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம்,
உப்புத்தாள் எட்டாதது,
தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பொரிப்பொரியாக.
அச்செடுக்கும் பசையைக் குழைத்து அதன்மேல்
நாலு நிமிடம் அழுத்திப் பிடித்தேன்.
"வாயைத் திறங்க" என்று கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

பெயின்ட் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால்
குழம்பாய் ஓடுகிறது.
தள்ளிப் பிடித்தால் வரும் வழியிலேயே உலர்ந்து
தூசியாய் உதிர்கிறது.
துளி பாதி உயிரோடு வந்து விழவேண்டும்,
விழுந்த பிறகு சாகவேண்டும்.
பீட்சா அட்டைகளில் அடித்துப் பார்த்தேன்.
கண்ணை மூடி, வலக்கை அச்சில் வார்த்த சாந்தில்,
இடக்கை அட்டையில்.
பதினேழாவது அட்டையில்
இரண்டு கையும் ஒரே சொல்லைச் சொல்லின.

ஞாயிற்றுக்கிழமை எட்வின் வந்தான்.
முடி வெட்டிய பிடரியைத் தடவுவதுபோலக்
கூரையைத் தடவினான், இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை.
"எப்படி இவ்வளவு சமமா விழுந்திருக்கு தெரியுமா, நீவெஸ்?
அடியில நான் தேய்ச்சது சமமா இருக்கு."
அது உண்மை.
அதுதான் எரிச்சல்.

மார்ச்சில் ஒருநாள் காற்று நின்று வெயில் வந்தது.
முதல் காரியமாக இரண்டு கொக்கியையும் தளர்த்தி
கூரையைத் தூக்கி முன்பெட்டிக்குள் வைத்தோம்,
கம்பளி விரித்து, குப்புற.
மூன்று மாத வேலை; மூடியைச் சாத்தியாயிற்று.
பார்கோலாவில் வெயில் காய்ந்தவர்கள்
எங்கள் கலைந்த தலைகளைத்தான் பார்த்தார்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பளபளப்பு
கம்பளியில் வழுக்கிப்போய்
உள்ளே ஒரு இடி இடிக்கும்.
இன்று இடிக்கவில்லை.
எட்வின் இன்னும் இரண்டு வளைவு காத்திருந்தான்,
தலையைச் சற்றே சாய்த்து.
பிறகு ரேடியோவைப் போட்டான்.